சைக்கிள் ஆம்புலன்சில் யாரும் ஏறவில்லை

தொவேரா ஹராவா கொண்டுவந்த திட்டம் தோற்றுவிட்டது என்று அவளிடம் முதலில் சொன்னவன் சுஸ்கோ கும்வெண்டா. சிவூம்பா சுகாதார நிலையத்தின் பின்புறம், பிரசவ வார்டுத் துணிகள் காயும் கொடிக்கு அருகே வைத்துச் சொன்னான். மாவட்ட அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவன் அவன். வாயைத் திறந்தால் கேலிதான் வரும். அன்று கேலி எதுவும் வரவில்லை.

"சிஸ்டர், கொஞ்சம் உக்காந்துக்கோங்க."

"நின்னே கேக்குறேன். சொல்லு."

"வண்டி வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேர் பிரசவத்துக்குக் கடைசி நேரத்துல வந்தாங்களோ, வண்டி வந்தப்புறமும் அத்தனை பேர்தான். கோடு கீழ இறங்கவே இல்ல."

"மறுபடி எண்ணிப் பாரு."

"எனக்கே நம்பிக்கை வராமதான் திரும்பத் திரும்ப எண்ணினேன். நீங்க வேணா எண்ணுங்க."

தொவேரா காய்ந்திருந்த ஒரு விரிப்பை உருவி மடிக்கத் தொடங்கினாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அவள் தாதியாக சிவூம்பாவுக்கு வந்த காலத்திலிருந்தே மலைச்சரிவுக் கிராமங்களிலிருந்து பெண்கள் இப்படித்தான் வந்தார்கள். வலி கண்டு பாதிநாள் போன பிறகு, மாமியார் ஒரு பக்கமும் கணவன் மறுபக்கமும் தாங்கிக்கொள்ள, நடந்தே வருவார்கள். சிலரை மூங்கிலில் போர்வை கட்டித் தூக்கிவருவார்கள். சிலர் வந்து சேரவே மாட்டார்கள். தொவேராதான் வெளிநாட்டுச் சபைக்காரர்களுக்கு விடாமல் எழுதி, சைக்கிளின் பின்னால் பூட்டுகிற ஆம்புலன்ஸ் வண்டிகளை வரவழைத்தாள். மெத்தை போட்டு, மேலே வெயிலுக்குக் கூரை கட்டிய வண்டி. கிராமத்துக்கு ஒன்று. ஒப்படைத்த அன்று எல்லாக் கிராமத் தலைவர்களும் உட்கார்ந்திருக்க, அவள் எழுந்து நின்று, "இனிமே நம்ம பொண்ணுங்க யாரும் வழியில சாக மாட்டாங்க" என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவை இன்னும் அவள் காதில் இருந்தது.

அந்தச் சூட்டோடு சூடாக லிலோங்வேயில் நடக்கும் தாதியர் மாநாட்டுக்கு இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு சுருக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். ஏற்றுக்கொண்டு, போஸ்டராக மாட்டிவைத்து, பக்கத்தில் நின்று விளக்கலாம் என்று பதிலும் வந்துவிட்டது. மாவட்டம் முழுக்க அந்தச் செய்தியைப் பரப்பியவர் மேட்ரன் நியாசுலு அம்மா. சிவூம்பா போன்ற ஒரு மூலையிலிருந்து தலைநகர் மாநாட்டுக்கு அதுவரை யாரும் போனதில்லை.

தொவேரா இந்த விஷயத்தைக் கொண்டுபோனபோது மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வண்டியை ஜனங்க பயன்படுத்தவே இல்லியா?"

"பயன்படுத்துறாங்கம்மா. ஓட்டம் நிறைய இருக்கு. ஆனா அதுல பிரசவம்னு பாத்தா ஒண்ணுமே இல்ல."

"அப்ப ஓட்டத்தை மட்டும் போடேன். இத்தனை தடவை போச்சு, இத்தனை தடவை வந்துச்சு. பொய் இல்லையே?"

"பொய் இல்லம்மா."

"பின்ன என்ன?"

"யாரை ஏத்திட்டுப் போச்சுன்னு ஒருத்தராவது கேப்பாங்களே."

மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏன் ஏறலங்கிறதையாவது தெரிஞ்சுக்கிட்டு வா," என்றார் கடைசியில். "காரணம் தெரியாம தோத்துட்டோம்னு போய் நின்னா, அது அசிங்கம்."

மறுநாள் சுஸ்கோவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கபாண்டோ கிராமத்துக்குப் போனாள். வேர்க்கடலைப் பருவம். பெண்கள் மாமரத்தடியில் பாய் விரித்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிஸ்டர் வந்தாச்சு, ஊசிக்கு இடுப்பைக் காட்டுங்கடி," என்றாள் ஒருத்தி.

"இன்னைக்கு ஊசி இல்ல. கேள்வி மட்டும்தான்."

"ஐயோ, அதுக்கு ஊசியே தேவலை!"

சிரிப்பு அடங்கியதும் தொவேராவும் பாயில் உட்கார்ந்து ஒரு கை கடலையை அள்ளிக்கொண்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். தலைவர் வீட்டுக் கொட்டகையில் நல்ல வண்டி நிற்கிறது. ஓட்ட ஆள் இருக்கிறது. போன மாதம் இந்த ஊரிலிருந்து பிரசவத்துக்கு வந்த இரண்டு பேரும் நடந்தேதான் வந்தார்கள். ஏன்?

பதில்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தன. பாதை குண்டும் குழியும், ஆட்டத்தில் பிள்ளை நழுவிவிடும் என்றாள் ஒருத்தி. ஓட்டுபவன் கள்ளுக்கடைப் பேர்வழி என்றாள் இன்னொருத்தி. வலி வந்ததை ஊருக்கே காட்டிக்கொண்டு போவதா என்று கேட்டாள் மூன்றாமவள். சுஸ்கோ எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். எல்லாமே உண்மைதான். ஆனாலும் எதையோ மூடுவதற்காகச் சொல்கிறார்கள் என்று தொவேராவுக்குப் பட்டது. ஏனென்றால் பேசியவர்கள் ஒவ்வொருவரும் பேசி முடித்ததும், பாயின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியைத்தான் பார்த்தார்கள்.

அவள் பெயர் நியாஜெரே. வைசன் ஜெரேயின் தங்கை. வைசனின் மனைவி ரோடா இறந்தது சிவூம்பாவில், தொவேராவின் கைகளுக்கிடையில்.

"நீங்க சொல்லுங்க நியாஜெரே," என்றாள் தொவேரா.

"நான் சொன்னா உங்க மனசு நோகும், சிஸ்டர்."

"நோகட்டும்."

நியாஜெரே மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டாள். "எங்க அண்ணியை வீட்டுக்குக் கொண்டுவந்தது எதுலன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

தொவேராவுக்கு நினைவிருந்தது. வண்டிகள் வந்த புதிது. அடைமழை. ரோடா நடந்துதான் வந்தாள், வந்து சேர்ந்தபோதே தாமதம். இரத்தம் நிற்கவில்லை. விடிந்ததும் வைசன் வாசலில் வந்து நின்றான். அவனுடன் வந்தவர்கள் இரண்டே பேர். அந்தச் சேற்றில் மலையேற்றி ஒரு உடலைத் தோளில் சுமக்க மூன்று பேர் போதாது. மாவட்ட ஆஸ்பத்திரி வண்டி இறந்தவர்களை ஏற்றாது. வைசன் கெஞ்சவில்லை. கபாண்டோவின் சைக்கிள் ஆம்புலன்ஸ், டயர் மாற்றுவதற்காக, சுகாதார நிலையத்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை ஒரு தடவை பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவ்வளவுதான். "எடுத்துட்டுப் போங்கப்பா" என்றாள் தொவேரா. தன் கையாலேயே மெத்தைமேல் வெள்ளைத் துணி விரித்தாள். திரும்பி வந்த மெத்தையைத் தேய்த்துக் கழுவியதும் அவள்தான்.

"அன்னைக்கு நீங்க செஞ்சதை எங்க வீட்டுல யாரும் மறக்கல," என்றாள் நியாஜெரே. "எங்க அண்ணன் இன்னைக்கும் உங்க பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்றான். அப்புறம் பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் செத்தாரு. ஜெரே பொண்டாட்டிக்குக் குடுத்தீங்களே, இவருக்குக் கிடையாதான்னு கேட்டாங்க. குடுத்தாச்சு. அப்புறம் ஒரு குழந்தை. அப்புறம் யாரும் கேக்கவே இல்ல, அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க. இப்ப அந்த வண்டி வர்றதைப் பாத்தா பிள்ளைங்க பாட்டை நிறுத்திட்டு ஓரமா ஒதுங்குதுங்க. அதுக்கு ஊர்ல என்ன பேரு தெரியுமா, சிஸ்டர்?"

யாரோ அவளை அடக்கப் பார்த்தார்கள்.

"சாவுக்கட்டில்னு பேரு. வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு எவ போய் அதுல படுப்பா?"

நிறைமாதமாக இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள் தொவேரா. இறங்கி ஓரமாகப் போய் நின்று அழுதாள். சுஸ்கோ எஞ்சினை அணைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டாள் திரும்பி வந்து.

"அந்த ஆளுகிட்டயா? யாரால முடியும் சிஸ்டர்?"

"சரி, போஸ்டர்ல இதை எப்படி எழுதுவே?"

அவன் யோசித்தான். "மூடநம்பிக்கை, கலாச்சாரத் தடைன்னு போடலாம். எல்லா மாநாட்டுலயும் அப்படித்தான் போடுவாங்க."

"என்ன மூடநம்பிக்கை? உன் பக்கத்து வீட்டுக்காரனோட பிணம் இறங்கின மெத்தையில உன் பொண்டாட்டியைப் படுக்க வெப்பியா?"

"மாட்டேன்" என்றான் சுஸ்கோ. போஸ்டரில் மூடநம்பிக்கை என்ற வார்த்தை வரவில்லை.

ஒரு வாரம் இரண்டு பேரும் அந்தப் போஸ்டரோடு மல்லுக்கட்டினார்கள். நடுவில் வரைபடம் போட வேண்டும் என்றான் சுஸ்கோ. வண்டிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டை, கிட்டத்தட்ட ஒரே உயரம். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இரண்டு புதைமேடுகள் போலத் தோன்றியது, ஆனாலும் விட்டுவைத்தாள். வண்டியின் படம் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை. ரோடாவின் கதையை எத்தனை வரியில் சொல்வது என்று சண்டை. நோயாளியின் பெயர் போடக் கூடாது என்பது மாநாட்டு விதி. "ஒரு தாய்" என்று எழுதினாள். அப்படி எழுதியது ரோடாவை இன்னொரு முறை கைவிட்டது போலிருந்தது. தலைப்பைத்தான் கடைசியில் எழுதினாள்: சைக்கிள் ஆம்புலன்சில் பிரசவத்துக்கு யாரும் ஏறவில்லை, ஏன்?

மேட்ரன் படித்துவிட்டு, "இப்படி ஒரு தலைப்பை நான் எந்த மாநாட்டுலயும் பாத்ததில்ல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "என் பேரையும் கீழ போடு," என்றார்.

அச்சடிக்க ம்சூசு நகரச் சந்தை அருகே இருந்த ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார்கள். கல்யாண பேனரும் இரங்கல் பேனரும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த கடை. கடைக்காரர் கணினியில் கோப்பைத் திறந்ததுமே, "ரொம்ப வெறிச்சுனு இருக்கே, அம்மா. சுத்தி தங்கக் கலர்ல பூ வெச்சுத் தரட்டுமா?" என்றார்.

"பூ வேண்டாங்க."

"அப்ப மூலைக்கு ஒரு புறா?"

"இது மாநாட்டுக்குப் போறது, ஐயா," என்றான் சுஸ்கோ. "புறா பறந்துடும்."

லிலோங்வே மாநாட்டுக் கூடத்தில் எல்லோருடைய போஸ்டரும் மெல்லிய தாளில் இருந்தது. அவர்களுடையது மட்டும் கனத்த ஃபிளெக்ஸ். கொடுத்த ஒட்டுநாடா தாங்கவில்லை. ஒட்டிய மாத்திரத்தில் மடேரென்று தரையில் விழுந்தது. மறுபடி ஒட்டினார்கள், மறுபடி விழுந்தது. பக்கத்துப் பலகையில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க அக்கா, பரவாயில்ல," என்றான் சுஸ்கோ. "எங்க திட்டமே விழுந்த திட்டம். போஸ்டர் மட்டும் எப்படி நிக்கும்?"

அந்தப் பெண்ணே தன் பையிலிருந்து கயிறு எடுத்துக் கொடுத்தாள். பலகையின் மேல் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த இடம் தேநீர் மேசைக்குப் பக்கம். இடைவேளையில் கூட்டம் மந்தாசி என்கிற எண்ணெய்ப் பலகாரமும் கோப்பையுமாக வந்து மொய்த்தது. எண்ணெய்க் கையோடு வந்தவர்கள் தலைப்பைப் படித்ததும் நின்றார்கள். சிலர் புன்னகைத்தார்கள். ஒரு இளம் டாக்டர் தோழனின் முழங்கையைத் தட்டி, "யாரும் ஏறலையாம்டா" என்றான். தொவேரா சீருடையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். எல்லாப் போஸ்டரிலும் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, நல்ல பக்கமாக. அவளுடைய இரண்டு கட்டைகள் மட்டும் அசையாமல் நின்றன. தலைமேல் கூரை இல்லாமல் மழையில் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

நடுவர்களாக இரண்டு பேர் வந்தார்கள். அதில் மூத்தவர், நரைத்த தலையுடைய ஒரு பேராசிரியை, ஒரு வரி விடாமல் படித்தார்.

"ஆம்புலன்சை சவ ஊர்வலத்துக்குப் பயன்படுத்தியிருக்காங்க. அதைத் தவறான பயன்பாடுன்னு நீங்க எங்கயும் எழுதலையே?"

"தவறுன்னு எழுத எனக்குக் கை வரல, அம்மா."

"ஏன்?"

"முதல்ல குடுத்தது நான். மழை. அந்தப் பொண்ணை வீட்டுக்குக் கொண்டுபோக வேற வழி இல்ல. அவ புருஷன் வாயைத் திறந்து கேக்கக்கூட இல்ல. இன்னைக்கு அதே மாதிரி வந்து நின்னாலும் நான் குடுக்கத்தான் செய்வேன். அதனாலதான் மத்தவங்க ஏற மாட்டாங்கன்னு இப்பத் தெரியும். தெரிஞ்சும் குடுப்பேன். தப்பு எங்க இருக்குன்னா, அப்படி ஒரு நாள் வரும்னு வண்டி கொண்டுவர்றதுக்கு முன்னாடி நான் நெனச்சே பாக்காததுல இருக்கு. பிரசவத்தைப் பத்தி மட்டும் நெனச்சேன். சாவும் அதே வாசல் வழியாத்தான் போகும்னு நெனைக்கல."

பேராசிரியை பேனாவை மூடினார். "இந்தப் பதிலைப் போஸ்டர்ல போட்டிருக்கலாம்," என்றார். "கட்டுரையா எழுதும்போது விட்டுடாதீங்க." அவளது கையை ஒரு கணம் பற்றிவிட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தடித்த உருவமுள்ள ஒருவர் நேராக அவர்களிடம் வந்தார். ஏரிக்கரை மாவட்டம் ஒன்றின் சுகாதார அதிகாரி. கழுத்து அட்டையில் லஸ்டன் சிர்வா என்றிருந்தது. வரும்போதே கோபம்.

"இதை எழுதினது நீங்களா? எங்களுக்கு இதே வண்டி வந்து இறங்கியாச்சு, தெரியுமா? திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. தலைவர்களுக்குச் சொல்லியாச்சு. ஆடுகூட வாங்கிக் கட்டியாச்சு. வண்டி குடுத்தவங்க இந்தக் கூடத்துலதான் சுத்திட்டிருக்காங்க. அவங்க இதைப் படிச்சா என் கதி என்ன?"

"படிச்சாச்சுங்க. காலையிலேயே படம் எடுத்துட்டுப் போனாங்க," என்றான் சுஸ்கோ.

"கெடுத்தீங்களே குடியை!"

"உக்காருங்க ஐயா," என்றாள் தொவேரா. தனக்குப் போட்டிருந்த நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

"உங்க ஊர்ல ஜனங்களுக்குப் புரியவெக்கத் தெரியல. அதுக்கு வண்டி என்ன பண்ணும்?"

"உங்க ஊர்ல ஆஸ்பத்திரியில செத்தவங்களை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோறாங்க?"

"எப்படியோ கொண்டுபோறாங்க. தோள்ல. மாட்டுவண்டியில. கெடச்சதுல."

"கெடச்சதுல. நாளைக்கு உங்க வண்டி கெடைக்கும். வாசல்ல ஒருத்தன் வந்து நிப்பான். உங்க தாதி சின்னப் பொண்ணா இருப்பா. அவளால முடியாதுன்னு சொல்ல முடியாது, ஐயா. நீங்களா இருந்தாலும் முடியாது."

சிர்வா இப்போது உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் அம்மாவை நாங்கள் படகில்தான் கொண்டுபோனோம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். மீன் ஏற்றுகிற படகு. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு யாரும் அந்தப் படகுக்காரனிடம் மீன் வாங்கவில்லை.

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? வண்டியைத் திருப்பி அனுப்பவா?"

"வேண்டாம். செத்தவங்களுக்குன்னு தனியா ஒண்ணு முதல் நாளே குடுத்துடுங்க. சாதாரணத் தள்ளுவண்டி போதும். பாக்க வேற மாதிரி இருக்கணும், வேற இடத்துல நிக்கணும். யாரையும் முடியாதுன்னு சொல்லவேண்டிய இடத்துல கொண்டுபோய் நிறுத்தாதீங்க."

"அப்படிச் செஞ்சா ஏறுவாங்களா?"

"தெரியாது. நாங்க இன்னும் செஞ்சு பாக்கல."

அவர் கைபேசியை எடுத்து அங்கேயே உட்கார்ந்தபடி ஊருக்குப் பேசினார். விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார். மறுமுனையில் யாரோ ஆட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்; "மேயட்டும், புல்லுக்கா பஞ்சம்?" என்று கத்தினார். போகும்போது நன்றி சொல்லவில்லை. ஆனால் போஸ்டரின் ஒவ்வொரு பகுதியையும் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பரிசு, கைகழுவுவதைப் பற்றிய ஒரு போஸ்டருக்குக் கிடைத்தது. தொவேராவும் கை தட்டினாள். கிடைக்காது என்று தெரிந்தே வந்திருந்தாலும், பேராசிரியை கையைப் பற்றியதிலிருந்து மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டுவிட்டிருந்தது. பேருந்தில் ஊர் திரும்பும்போது சுஸ்கோ தூங்கினான். அவள் ஜன்னலோரம் விழித்திருந்து, கிராமத் தலைவர்கள் முன்னால் இதை எப்படிப் பேசுவது என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்தாள்.

வார்த்தை சரியாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் பேசினாள். அன்று வாக்குக் கொடுத்த அதே மைதானத்தில் நின்று, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்றாள். வைசன் ஜெரே முன்வரிசையில் இருந்தான். ரோடாவின் பெயரைச் சொல்லலாமா என்று முதல் நாளே அவனிடம் கேட்டிருந்தாள். சொல்லுங்கள், அவள் பெயரைச் சொல்ல இப்போது ஊரில் ஆள் குறைந்துவிட்டது என்றிருந்தான். சொன்னாள். தலைவர்களில் ஒருவர், எங்கள்மேல் பழியா என்று எழுந்தார். கபாண்டோ தலைவர் அவரை உட்காரச் சொன்னார். நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவில் பழைய மெத்தைகளை எரிப்பது என்றும், ஊருக்கு ஒரு சவவண்டியைத் தச்சர்களை வைத்துச் செய்து சபைக் கோவிலில் நிறுத்துவது என்றும் ஒப்புக்கொண்டார்கள். சைக்கிள் வண்டியை என்ன செய்வது என்று பெண்களிடம் கேட்டார்கள். கூரையைக் கழற்றுங்கள் என்றார்கள் பெண்கள். மூடியிருந்தால் உள்ளே இருப்பது உயிரா பிணமா என்று எப்படித் தெரியும்?

கூரையைக் கழற்றினார்கள். மழைக்காலம் வந்தது. வண்டியில் யாரும் ஏறவில்லை. சுஸ்கோ மாதாமாதம் வந்து எண்ணிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனான். அந்த மழையில் மேல் கிராமத்துப் பெண் ஒருத்தி வழியிலேயே இறந்தாள். அவளைப் புதிய சவவண்டியில் கொண்டுபோனார்கள். தொவேரா அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றாள்.

மழை விட்ட பிறகு ஒரு முற்பகலில் வாசலில் மணிச்சத்தம் கேட்டது. தொவேரா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கபாண்டோவின் வண்டி ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தது. வைசன் ஜெரே வியர்வை வழிய மிதித்துக்கொண்டிருந்தான். பின்னால் இருந்தவள் அவன் தங்கை நியாஜெரே. அவள் படுக்கவில்லை. இரண்டு கையாலும் பக்கச் சட்டங்களை இறுகப் பிடித்துக்கொண்டு, நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தாள். வலி வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்தாள். பாதையோரத்துப் பெண்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கூடவே ஓடிவந்தார்கள்.

"படுத்துக்கிட்டு வரக் கூடாதா? இந்த ஆட்டத்துல எப்படி உக்காந்தீங்க?" என்றாள் தொவேரா, தோள் கொடுத்து இறக்கியபடி.

"வழியெல்லாம் பாத்துட்டே இருந்தாங்க, சிஸ்டர்," என்றாள் நியாஜெரே மூச்சு வாங்க. "நான் உயிரோடதான் போறேன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"